ஐப்பசியில் அனுராதபுரம்

மட்டாஞ்சேரியில், இலங்கைக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துத் தரும் ராவுத்தரின் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அனுராதபுரத்துப் பழைய ஸ்தூபிகளைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம் என்றுதான் ஐப்பசி மழையில் கிளம்புகிறேன். அதை அவரிடம் சொன்னது தப்பு. ஒரு சாயா குடிப்பதற்குள் தெருவே பொட்டலங்களோடு வந்துவிட்டது. கொழும்பு மகனுக்கு ஊறுகாய் ஜாடி, கண்டி மருமகனுக்குக் காய்ந்த இறால், யாருக்கோ ஒரு குடை. டிக்கெட்டே இன்னும் கைக்கு வரவில்லை.

"ஸ்தூபி பாக்கப் போறேன் ராவுத்தரே, சுமை தூக்க இல்ல."

"கோவிக்காதீங்க சாரே. சித்திரையில பத்துப் பேரு போவாங்க, ஆளுக்குக் கொஞ்சம் குடுப்போம். ஐப்பசிக்கு நீங்க மட்டுந்தானே உண்டு."

"அப்ப சித்திரைக்கே மாத்திடுங்க."

ராவுத்தரின் முகம் மலர்கிறது.

"அதுவும் நல்லதுதான். அப்போ குடுத்துவிடப் பலா பழுத்திருக்கும்."