இடப்பக்கத்துக் கன்னம்

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பிசியோதெரபி கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்துகிறேன். முகத் தசைகளை அசைக்கும் முக நரம்பு காதுக்குக் கீழே வெளிப்பட்டு, கன்னத்து எச்சில் சுரப்பிக்குள் நுழைந்து, நெற்றி, கண், கன்னம், தாடை, கழுத்து என்று ஐந்து கிளைகளாகப் பிரியும். மாணவர்களை அவரவர் கன்னத்தில் கையை விரித்து வைக்கச் சொன்னால் சட்டென்று புரிந்துவிடும்.

தோடு மாட்டும்போது இடது காதுக்குக் கீழே கொட்டை மாதிரி தட்டுப்படுகிறது என்று என் மனைவி சொன்னாள். அழுத்திப் பார்த்தேன். கல்லாக இருந்தது, நகரவில்லை. சோதனையில் புற்றுநோய் என்று வந்தது. கட்டி நரம்பைச் சுற்றியிருந்தால் நரம்பையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். திரும்பி வரும்போது காரில் அவள் கேட்டாள்.

“ஏனுங்க, மொகம் கோணிப் போயிருமுங்களா?”

“உசுரு முக்கியம் அம்மணி” என்றேன்.

நரம்பை எடுத்தார்கள். கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை வெட்டி அந்த இடத்தில் தைத்தார்கள். அது வளர்ந்து தசையைத் தொட மாதக்கணக்காகும். காலையில் அவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு என்பேன். வலப்பக்கம் மட்டும் சொன்னபடி கேட்கும். தொடு உணர்வு வேறு நரம்பின் வேலை என்பதால், காபி உதட்டோரம் வழிவது அவளுக்குத் தெரியும். நிறுத்தத்தான் முடியாது. மூடாத கண்ணுக்கு, தூங்கும் முன் நான் பிளாஸ்டர் ஒட்டிவிடுவேன். ஒரு வருடம் தாண்டியும் இடப்பக்கத்தில் ஒரு துடிப்புகூட வரவில்லை. நரம்பு வந்து சேராத தசை நாளடைவில் வற்றிச் செத்துவிடும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான். வீட்டில் கண்ணாடிப் பயிற்சியை நிறுத்தவில்லை.

மகளின் கல்யாணம் ஈரோட்டில் நடந்தது. மேடையில் போட்டோக்காரர் எங்களுக்கு இடப்பக்கமாக நின்றிருந்தார். அம்மா, கொஞ்சம் சிரிங்க என்றார். இன்னொரு முறையும் சொன்னார். பிறகு, “மக கல்யாணமுங்க, சந்தோஷமா இருங்க” என்றார்.

“சிரிச்சுட்டுத்தானுங்க இருக்கேன்” என்றாள் அவள்.

போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்திவிட்டார். மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள். என் மனைவி மெதுவாக விடுவித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடியபடி இறங்கி, மணமகள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பந்திக்கும் வரவில்லை. கதவைத் தட்டினேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க என்று குரல் மட்டும் வந்தது.

தொடையிலிருந்து தசை எடுத்துக் கன்னத்தில் வைத்தால் சிரிப்பு ஓரளவு திரும்பலாம் என்று மருத்துவர் பிறகு சொன்னார். அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

“வெட்டுன வரைக்கும் போதுமுங்க” என்றாள்.

மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். வீடியோவில் கூப்பிட்டால், போனைச் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இவள் பேசுகிறாள். ஒன்றும் தெரியாத திரையைப் பார்த்துக்கொண்டே மகளும், சாப்பிட்டாச்சாம்மா என்று கேட்கிறாள்.