கதவெடுப்போர்

நாற்பத்தொரு வயதுக்குள் அவள் பதினொரு ஊர்களை உண்டாக்கி, அவற்றில் ஒன்பதை அழித்திருந்தாள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில், ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆடும் கதை ஆட்டத்தில் நடந்தவை. அவள் ஊரைச் சொல்வாள். மற்ற நால்வரும் வீரனாகவோ திருடனாகவோ வைத்தியனாகவோ அதற்குள் நுழைந்து, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; இருபது விழுந்தால் முழு வெற்றி. வார நாட்களில் அவளுக்கு நகராட்சி ஆவண அறையில் பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்யும் வேலை. அதனால் ஆடுகிறவர்களுக்கு அவள் ஸ்கேனர் அக்கா.

பன்னிரண்டாவது ஊர் ஒரு பதிவேட்டிலிருந்து வந்தது. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊரின் வெளியேற்றப் பட்டியல். குடும்பத் தலைவர் பெயருக்கு நேரே கடைசிக் கட்டத்தில் பல வரிகளில் ஒரே சொல்: 'கதவெடுத்தார்'. ஏன் என்று எழுதியிருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புல்லரித்தது. முதுகில் கதவுடன் திரியும் பேய்க்கூட்டம்; அது எந்த வீட்டுக் கதவைப் பிடுங்குகிறதோ அந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். கதவெடுப்போர் என்று பெயர் வைத்தாள். தலைவனுக்குப் பெயர் தேடி மெனக்கெடவில்லை. முப்பத்தேழாம் வரியில் தயாராக இருந்தது: கிணற்றடிக் குட்டையன். யார் கேட்கப்போகிறார்கள்? அந்த ஊர்க்காரர்கள் பஸ் பிடித்தால் நாற்பது நிமிடத்தில்தான் இருந்தார்கள். அதை அவள் யோசிக்கவில்லை.

கதவெடுப்போர் வரும்போதெல்லாம் மேசைக்கு அடியில் விரல் முட்டியால் தட்டுவாள். டொக். டொக். ஆடுகிற நால்வரில் ஒருவரான பல் டாக்டர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். பேச்சு பரவி, சிறிய பதிப்பகம் ஒன்று அந்த ஊரைப் புத்தகமாகக் கேட்டது. அவளுடைய முதல் புத்தகம். மாதக் கடைசிப் புதனன்று கோப்பு அச்சுக்குப் போக வேண்டும்.

அதற்குப் பத்து நாள் முன்பு குட்டையனை வெட்டியது பஸ் கண்டக்டர். கூட்டத்தில் புதியவன்.

"இருபது! அக்கா, இருபது விழுந்துச்சு! தலை போச்சா?"

"போச்சு. கதவோட சேர்ந்து விழுந்தான்."

"பாவம், கதவு என்ன பண்ணுச்சு?" என்றார் பல் டாக்டர். அறையே சிரித்தது.

அடுத்த ஞாயிறு கண்டக்டர் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தான். பகடையைத் தொடவில்லை.

"அக்கா, அந்தக் குட்டையன் பேரு நீங்களா வச்சதா?"

"ஏன்டா?"

"வீட்ல போய்ப் பெருமையடிச்சேன், கிணத்தடிக் குட்டையனை ஒரே வெட்டுல சாய்ச்சேன்னு. அம்மா தட்டைக் கீழ வச்சிட்டாங்க. அது அவங்க அப்பா, அக்கா."

அவள் கையிலிருந்த பகடையை மேசையில் வைத்தாள்.

"புது இடத்துல வீடு கட்டிக் குடுத்தாங்களாம். கதவு மட்டும் இல்லையாம். அதான் ஆளாளுக்குப் பழைய கதவைக் கழட்டிட்டு நடந்திருக்காங்க. தாத்தாவும் அவர் தம்பியும் கதவைப் படுக்கையாத் தூக்கிட்டுப் போனாங்களாம். மேல அம்மாவோட தங்கச்சி. காய்ச்சல். போய்ச் சேர்றப்ப கதவு மட்டும்தான் மிச்சம். அதை அவர் மாட்டவே இல்ல. கடைசி வரைக்கும் வாசல்ல துணிதான்."

படியேறி வந்த பல் டாக்டர், "என்னப்பா, எழவு வீடு மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் பதிவேட்டை மறுபடி எடுத்தாள். முப்பத்தேழாம் வரி. புறப்பட்டோர் ஐந்து, சேர்ந்தோர் நான்கு. தன் கையாலேயே ஸ்கேன் செய்த பக்கம். பெயரை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு எண்ணை விட்டிருந்தாள். அலமாரிகளுக்குப் பின்னால் டொக், டொக் என்றது. பக்கத்து அறையில் முத்திரை குத்துகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். முத்திரை குத்துகிறவர் அன்று விடுப்பு.

கண்டக்டரைப் போனில் பிடித்தாள். "பேரை மாத்திடறேன்டா. வேற பேரு போட்டா யாருக்கும் தெரியாது."

"அம்மாவுக்குத் தெரியுமேக்கா."

அதற்குள் போன் அவன் அம்மா கைக்கு மாறியது.

"ஆட்டத்துல செத்தவங்களைத் திரும்பக் கொண்டு வரலாமாமே? இவன் சொன்னான்."

"வரலாம்மா."

"அப்ப எங்கப்பாவைக் கொண்டு வா. வழியில விட்றாத. என் தங்கச்சியையும் அவரையும் வீடு வரைக்கும் கொண்டு சேர்த்துடு. நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

செவ்வாய்க்கிழமை, கதவெடுப்போர் இல்லாமல்தான் புத்தகம் என்று பதிப்பாளரிடம் சொன்னாள். அவர் தாம்தூம் என்று குதித்தார். அட்டையிலேயே கதவு சுமந்த பேய்தானே இருக்கிறது! அப்படியென்றால் புத்தகமே வேண்டாம் என்று போனை வைத்துவிட்டாள்.

புதனன்று எந்தக் கோப்பும் அச்சுக்குப் போகவில்லை. வரும் ஞாயிறு ஆட்டம் நான்கு மணிக்குப் பதில் மூன்றரைக்கே தொடங்குகிறது. கண்டக்டரின் அம்மா ஊர் திரும்பக் கடைசி பஸ் ஆறு மணிக்கு.