ஓ பாசிட்டிவ் தேங்காய்

எங்கள் பக்கம் நிலத்தடி நீர் பார்க்கப் படிப்பு வேண்டாம். ஓ பாசிட்டிவ் ரத்தம் போதும். அந்த ரத்தக்காரன் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துத் தோட்டத்தில் நடந்தால், அடியில் நீரோட்டம் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்குமாம். திண்டுக்கல்லில் ஒரு ரத்ததான முகாமில் பிஸ்கட்டுக்காகப் படுத்தபோதுதான் என் ரத்தம் இன்னதென்று தெரிந்தது. அதுவரை நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து இருந்ததில்லை.

வேலிக்கு அந்தப்பக்கம் மனைவியின் தம்பி தோட்டம். அவன் போட்ட மூன்று போரிலும் புழுதிதான் வந்தது. நாலாவதும் பொய்த்தால் தென்னை மிஞ்சாது.

"மாமா, நீங்கதேன் பாக்கணும். மட்டையெல்லாம் தொங்கிருச்சு."

"மாப்ள, எனக்குக் குளிக்கிற சோப்பு எங்க இருக்குன்னே தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது. உங்க ரத்தத்துக்குத் தெரியும்."

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். நெருஞ்சி முள் குத்தியது. தோட்டம் முழுக்கத் தூங்கிய தேங்காய், என் வேலியோரம் வந்ததும் படக்கென்று நின்றது. ரத்தம் பேசியதா, கை வலித்து நடுங்கியதா, இன்றுவரை தெரியாது. முகத்தை மட்டும் முனிவர் மாதிரி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் போர் போடும் ரிக் வண்டி வந்தது. தொள்ளாயிரம் அடியில் தண்ணீர் பீறிட்டது. நனைந்த மாப்பிள்ளை என்னைத் தூக்கிச் சுற்றினான். அன்றைய பிரியாணியில், வாழ்நாளில் என் இலையில் விழாத அளவு கறித்துண்டுகள் விழுந்தன.

நாலாம் நாள் காலை என் மோட்டார் இருமியது. குழாயில் காற்றுதான் வந்தது. என் போர் அறுநூறு அடி; அவன் போருக்குப் பத்தடி தள்ளி. ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா. நீளமானதை இடம் பார்த்துச் செருகிக் கொடுத்தவன் நான்.

தலையில் சீயக்காயோடு மனைவி வந்தாள்.

"தேங்கா பொய் சொல்லலங்க. தண்ணி இருக்க எடத்தத்தேன் காட்டிருக்கு. நம்ம தண்ணி!"

மாப்பிள்ளை ஓடி வந்தான். "என் போர்லருந்து பைப்பு இழுத்துக்கங்க மாமா. ரெண்டு பேருக்கும் காணும்."

நல்ல யோசனைதான். ஆனால் ஊருக்கே நீரோட்டம் காட்டியவன் மச்சினன் தண்ணீரில் குளிப்பதா?

"ரிக் வண்டி இப்ப எங்க நிக்கிது, மாப்ள?"

"பக்கத்து ஊர்லதேன். ஏன் மாமா?"

"ஆயிரத்து இருநூறு அடி போட்ருவோம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.