கோமதி மேடம் போட்ட பட்டி

கோமதி மேடம் காலமான செய்தி வந்தபோது நான் கணினியைத் திட்டிக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸின் வரைபடம்; எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதில் சில அறைகளைச் சுற்றி முழுசாக வரவேண்டிய கோடு நடுவில் அறுந்து இரண்டு துண்டாக நின்றது. காலை பஸ்ஸில் மேடம் வந்துதான் அதைச் சரிசெய்ய வேண்டும். வாசலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன நேரத்தில் போன் அடித்தது. அவருடைய கணவர் மாடசாமி பேசினார்.

"அண்ணாச்சி, கோமதி போயிட்டா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் "நாளைக்கு வந்து சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். சொல்லாமலே போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. இந்த அஞ்சலியில் கொஞ்சம் சிடுசிடுப்பு இருந்தால், அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறியாதவர்கள், அவரோடு வேலை பார்த்தவன் இப்படித்தான் ஆகியிருப்பான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோவில்பட்டியில் எங்கள் குடும்பத்தின் கடலைமிட்டாய்க் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம் இருக்கிறது. மில்லுக்கும் தொழிற்சாலைக்கும் வரைபடம் செய்து கொடுக்கிறோம். கையால் வரைவதில்லை. எந்த அறை எதோடு சேரும், எது எங்கே போகும் என்று கோடிங்கில் வரிவரியாக எழுதிக் கொடுத்தால் கணினியே கட்டங்களைப் போட்டு இணைத்துவிடும். நாளைக்கு ஓர் அறை கூடினால் ஒரு வரியைச் சேர்த்தால் போதும், படம் தானே மாறிக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் உயிரை வாங்கிவிடும். சேர்ந்திருக்கும் சில கட்டங்களைச் சுற்றி, இவையெல்லாம் ஒரு கூட்டம் என்று காட்ட வெளியே ஒரு வடிவம் போட வேண்டும். கோமதி மேடத்தின் உத்தியோக வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வடிவத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போனது.

வேலை கேட்டு வந்த அன்றே அது தொடங்கிவிட்டது. ஒரு தாளை நீட்டி, "இந்த மூணு கட்டமும் ஒரு கூட்டம். எப்படிச் சுத்தி வளைப்பீங்க?" என்று கேட்டேன். வழக்கமான பதில் எல்லோருக்கும் தெரியும். இடது ஓரம், வலது ஓரம், மேல், கீழ் என்று கணக்கெடுத்து ஒரு பெரிய செவ்வகத்தைப் போட்டால் முடிந்தது. கோமதி மேடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல ஒண்ணு கிடக்குதே, இது யாருது?"

"அது வேற கூட்டம். அதை விடுங்க."

"எப்படி விட? செவ்வகம் போட்டா இதுவும்லா உள்ள வந்துரும்? அடுத்தவிய ஆட்டை நம்ம பட்டியில அடைச்ச மாதிரி ஆயிரும் அண்ணாச்சி."

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, நடுவில் கிடந்த கட்டத்தை ஒதுக்கி உள்பக்கம் வளைந்து போகும் ஒரு கோட்டைக் கையாலேயே போட்டுக் காட்டினார். நாகலாபுரத்தில் அவர் பிறந்த வீட்டார் ஆடு வளர்ப்பவர்கள். அறுவடை முடிந்த கரிசல் காட்டில் தட்டியை நட்டு ஆட்டை அடைக்கும் பட்டிதான் அவருக்கு அந்த வடிவம். கோடிங்கிலும் அதற்கு patti என்றே பெயர் வைத்தார்.

அவர் என்னை அண்ணாச்சி என்றதில் விசேஷம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் கடைக்காரர் அண்ணாச்சி, கண்டக்டர் அண்ணாச்சி, வழி கேட்கிறவருக்கு வழி சொல்கிறவர் அண்ணாச்சி. அந்த அழைப்பைக் கேட்டு யாரும் உறவு கொண்டாடுவதில்லை.

அந்தப் பெயரால் வந்த கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனிக்கு எங்கள் கோடிங்கை அனுப்பியிருந்தோம். சில நாள் கழித்து அங்கிருந்து ஒருவர் போன் செய்தார். "சார், படம் நல்லா இருக்கு. ஆனா எல்லாப் படத்தோட கோடிங்லயும் ஒரு பாட்டி வராங்களே, அவங்க யாரு?" ஆங்கில எழுத்தில் இருந்த பட்டியை அவர் பாட்டி என்று படித்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. புரியும்படி இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் கிராண்ட்மதர் என்று மாற்றியும் வைத்துவிட்டார். கோமதி மேடம் வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு போனை என்னிடமிருந்து பிடுங்கினார்.

"கோவில்பட்டின்னா கோயில்ல குடியிருக்க பாட்டின்னா நினைச்சிய? ஊரு பேர்லயே இருக்கு, படிக்கத் தெரியலையா?"

அந்த வாடிக்கையாளர் திரும்ப வரவில்லை. பெயரை மாற்றினால் என்ன குடியா முழுகிவிடும் என்று நான் கத்தினேன். அவர் மாற்றவில்லை. அவர் வீடு எப்போதும்வென்றான் என்கிற ஊரில் இருந்ததாலோ என்னவோ, என்னிடம் எப்போதும் அவர்தான் வென்றார்.

பெரிய சண்டை தீப்பெட்டி ஆபீஸ் வரைபடத்தில் வந்தது. தீப்பிடித்தால் எந்த அறையில் இருப்பவர்கள் எந்தக் கேட் வழியாக ஓட வேண்டும் என்று சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டார் முதலாளி. கிழக்குக் கேட்டுக்குப் போகும் அறைகளைச் சுற்றி ஒரு வடிவம், மேற்குக் கேட்டுக்குப் போகிறவற்றைச் சுற்றி இன்னொன்று. குச்சியை எண்ணிப் பெட்டி அடைக்கிற அறை கிழக்குக் கூட்டத்துக்கு நடுவில் இருந்தது, ஆனால் அதன் வாசல் மேற்கே பார்த்தது. செவ்வகம் போட்டதும் அந்த அறை கிழக்குக்குள் விழுந்துவிட்டது. முதலாளிக்கு அது உறுத்தவில்லை. நிறம் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கும் கொடுத்துத் தொலைத்தால் போதும் என்றிருந்தது.

"அழகாத்தான் இருக்கு அண்ணாச்சி. பெட்டி அடைக்கிற பொம்பளைய இதைப் பாத்துக் கிழக்க ஓடுனா என்ன ஆகும்? போற வழியில குச்சிக்குத் தீ மருந்து முக்குற ரூம்லா இருக்கு?"

அதன் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. உள்ளே வளையும் வடிவத்தை அவர் எழுத எழுத, அது நனைந்த அப்பளம் போல் சுருங்கியது. ஓரிடத்தில் சரிசெய்தால் இன்னோர் இடத்தில் எழுத்தின் மேல் ஏறியது. அது அடங்கினால் இரண்டு கூட்டத்தின் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. சொன்ன தேதி போய்விட்டது. முதலாளி நாள் தவறாமல் போனில் கடித்தார், நான் மேடத்தைக் கடித்தேன், அவர் கணினியைக் கடித்தார். "சவத்து மூதி, சொன்ன பேச்சு கேக்குதா பாருங்க" என்று திரையைத் தட்டுவார். கடைசியில் ஒரு வடிவம் வந்தது. கோணல்மாணலாக இருந்தாலும் ஒருவரையும் தப்பாக உள்ளே இழுக்கவில்லை, ஒருவரையும் வெளியே விடவில்லை. முதலாளி மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே வாங்கி மாட்டினார்.

போன மாதம் அதே ஆபீஸில் புதிதாக ஒரு கொட்டகை போட்டார்கள். ஒரு வரி சேர்த்தோம். படம் தானே மாறிக்கொண்டது, பட்டி அறுந்துபோனது. அந்தத் துண்டுகளை ஒட்டவைக்கத்தான் மேடம் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அந்தச் சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவர் சட்டென்று நின்று சிரித்தார்.

"வழி கிடைச்சிட்டு அண்ணாச்சி. நாளைக்கு வந்து சொல்லுதேன்."

"இப்பவே சொல்லிட்டுப் போங்க மேடம்."

"பஸ்ஸு போயிரும். வாரேன்."

அவ்வளவுதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்தப் பஸ்? அடுத்த பஸ்ஸே இல்லையா? அவர் எழுதி வைத்திருந்ததை எல்லாம் புரட்டிவிட்டேன். என்ன வழி என்று தெரியவில்லை. தலையில் இருந்தது தலையோடு போய்விட்டது. நானும் முட்டி மோதிப் பார்த்தேன். ஒன்று, கோடு அறுந்தது. இல்லையென்றால் பெட்டி அடைக்கிற அறையை மறுபடி விழுங்கியது.

கடைசியில் வெறுத்துப்போய், சுற்றுக்கோடு இல்லாமல் படத்தை அச்செடுத்தேன். அவர் மேஜையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து, அவர் அன்று போட்டதுபோல் உள்ளே வளைத்துக் கையாலேயே போட்டேன். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டர் படத்துல கைக்கோடு?"

"மேடம் தவறிட்டாவ முதலாளி."

அவர் ஆணி எடுத்து வரச் சொன்னார். தாளைப் பெட்டி அடைக்கிற அறையில் மாட்டியபோது ஒரு பெண் எழுந்து வந்து கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "ஏட்டி, நாம மேக்கால ஓடணும், கேட்டியா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். இதைக் கேட்க வேண்டியவர் நான் இல்லை. அதுதான் ஆற்றாமையாக இருந்தது.

கருமாதிக்கு எப்போதும்வென்றான் போனேன். பஸ் நிறுத்தத்திலேயே கோமதி மேடத்தின் படம் போட்ட பிளெக்ஸ் பேனர் நின்றது. கீழே வருந்துகிறவர்களின் பெயர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் கட்டம் கட்டியிருந்தார்கள். சகோதரர்கள் என்ற கட்டத்தில் நாகலாபுரத்து அண்ணன்மார் இருவரின் பெயர். அதற்குக் கீழே, அதே கட்டத்துக்குள், தனுஷ்கோடி என்று என் பெயர். அலுவலகத்தார் என்ற தலைப்பு மட்டும் வெளியே தனியாக நின்றது. பேனர் அடித்த கடைக்காரர் செவ்வகத்தைக் கொஞ்சம் பெரிதாக இழுத்துவிட்டார் போலிருக்கிறது.

மாடசாமி சங்கடத்தோடு வந்தார். "தப்பாப் போட்டுட்டான் அண்ணாச்சி. நான் அப்பவே பாக்கல. உங்க பேரு அவ கூடப்பிறந்தவிய கட்டத்துக்குள்ள போயிட்டு. மேல ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லட்டா?"

எத்தனை வருஷம், எத்தனை செவ்வகம், எத்தனை சண்டை. இந்தப் பிழையைக் கண்டால் முதல் ஆளாகப் பேனாவைத் தூக்கிக்கொண்டு வரக்கூடியவர் மேலே படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வராத அழுகை அங்கேதான் வந்தது.

"வேண்டாம் மாடசாமி. இருக்கட்டும்."

போய் வாருங்கள் மேடம். அந்த வழியை நீங்கள் சொல்லாமல் போனதை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் உங்கள் பட்டிக்குள் தப்பாக வந்துவிட்ட இந்த ஒன்றை மட்டும், யாருது என்று கேட்டு வெளியே தள்ளிவிடாதீர்கள்.