மயிலையின் விலாவில் ஒரு நம்பர்

செவந்தி அக்காவின் செல்போன் தொலைந்ததும் அவளுடைய காளை தொலைந்ததும் ஒரே கால்மணி நேரத்தில் நடந்தன. இரண்டில் எதைத் தேட வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. கந்தர்வக்கோட்டையில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு மாட்டிக் கடை வைத்திருக்கும் அருணாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டா என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. அந்த எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேஷன் கடை மெஷினில் நாலு தடவை வைத்தால்தான் ஒரு தடவை எடுக்கும். புருஷன் முத்துராமன் கத்தாரில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வருவார், வந்ததும் மாட்டைத் திட்டுவார். "பொம்பள வளக்குற மாடாடி அது?" என்பார். அக்கா போனைத் திருப்பி மாட்டின் முகத்தைக் காட்டுவாள். அதோடு பேச்சு முடியும்.

காளையின் பெயர் மயிலை. அது பிறந்த ஒன்பதாம் நாள் அதன் தாய் செத்துவிட்டது. அக்காதான் பால்புட்டியில் ஊற்றிக் கொடுத்து வளர்த்தாள். ஆறு வருஷமாக விடிந்ததும் நடைக்குக் கூட்டிப் போவது, குளத்தில் நீச்சல் விடுவது, மண்மேட்டைக் கொம்பால் குத்தப் பழக்குவது எல்லாம் அவள்தான். ஆம்பிளைகள் கேலி பேசினார்கள். போன வருஷம் நாலு ஜல்லிக்கட்டு வாடியில் இறங்கி, நாலிலும் பிடிபடாமல் மயிலை வெளியே வந்த பிறகு கேலி கொஞ்சம் குறைந்தது.

எங்கள் பக்கம் ஜல்லிக்கட்டுக்குப் போகிற காளையின் விலாவில் செல்போன் நம்பரைப் பெயின்டால் எழுதிவிடுவார்கள். வாடிவாசலை விட்டு வெளியே வந்ததும் எல்லாக் காளையும் கயிற்றுக்கு அடங்கி நிற்காது. மிரண்டு ஓடினால் பத்து, இருபது கிலோமீட்டர்கூடப் போய்விடும். எங்கேயாவது நிற்கிறதைப் பார்ப்பவர் நம்பருக்கு அடித்துச் சொல்வார். அவ்வளவுதான் ஏற்பாடு. அக்காவின் தம்பி ஆண்டியப்பன், "என் நம்பர எழுதுக்கா, நாந்தானே வண்டியில ஏத்திட்டுப் போறேன்" என்று கேட்டிருக்கிறான். "யாரு மாடுன்னு கேட்டா எங்கிட்டதான் கேக்கணும்" என்று அக்கா தன் நம்பரையே எழுதிவிட்டாள். நீலப் பெயின்ட், ஒவ்வோர் எண்ணும் உள்ளங்கை அகலம்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. திருமயம் பக்கம் ஒரு ஊர். மயிலை வாடியை விட்டு ஒரே தாவாகத் தாவி வந்தது, யாராலும் திமிலில் கை வைக்க முடியவில்லை. காளைகளைப் பிடித்துக் கட்டும் இடத்தில் அக்கா கயிற்றோடு நின்றிருக்கிறாள். யாரோ ஒருவன் பக்கத்திலேயே வெடியைக் கொளுத்திப் போட, மயிலை தட்டியைத் தாண்டிப் போய்விட்டது. அக்காவும் பின்னாலேயே ஓடினாள். தைலமரக் காட்டில் அது கண்ணுக்குத் தப்பிவிட, தம்பிக்குச் சொல்லலாம் என்று இடுப்புப் பையைத் தொட்டால் ஜிப் திறந்து கிடந்தது. போன் இல்லை. விழுந்ததா, எடுத்தார்களா, தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போது அக்கா கடை வாசலில் நின்றாள். சேலை முழுக்க முள் கிழிசல். முந்தின நாள் இருட்டும்வரை தேடியிருக்கிறாள். ஆண்டியப்பனும் அவன் கூட்டாளிகளும் இன்னும் அங்கேயே பைக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அருணா, அந்த நம்பரு எனக்கு வேணும். ஏதாச்சும் பண்ணு."

"உக்காருங்கக்கா. மொதல்ல சிம்ம பிளாக் பண்ணுவோம். போனு தொலைஞ்சா அதுதான் மொத வேலை."

"பிளாக் பண்ணுனா மாட்டப் பாத்தவங்க எப்புடிக் கூப்புடுவாங்க?"

நியாயமான கேள்வி. அதற்கு மேல் ஒரு நிமிஷம் நான் யோசித்திருந்தால் பதிலும் கிடைத்திருக்கும். யோசிக்கவில்லை. என் போனை எடுத்து அவள் நம்பருக்கு அடித்தேன். மணி போனது! யாரும் எடுக்கவில்லை, ஆனால் உயிரோடு இருந்தது. எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிற போன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாமே.

"பத்து நிமிசம்க்கா. மேப்புல காட்டும். எடுத்தவன் வீட்டு வாசல்ல போயி நிப்போம்" என்றேன்.

கூகுளில் தொலைந்த போனைத் தேடும் பக்கத்தைத் திறந்தேன். மெயில் ஐடி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் நான்தான் போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டு?

"நீ ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தியே."

"அது எங்க?"

"போனு கவருக்குள்ளதான் வச்சிருந்தேன். பத்திரமா இருக்கட்டும்னு."

தலையில் அடித்துக்கொண்டேன். சரி, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்தால், எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்றது. எந்த எண்ணுக்கு? தொலைந்த போனின் எண்ணுக்கே. அதையும் போட்டது இந்தப் புத்திசாலிதான். வேறொரு நம்பரைக் கொடுத்து வைக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கடையில் கூட்டம், அவசரத்தில் ஒரே நம்பரை இரண்டு கட்டத்திலும் தட்டிவிட்டேன்.

அந்த வெட்கம்தான் என்னை மேலும் கிறுக்காக்கியது. மாட்டின் பெயர், வருஷம், அக்கா மகளின் பெயர் என்று பாஸ்வேர்டுகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். நடுநடுவே அக்காவின் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். எடுத்தவன் சலித்துப் போயாவது எடுப்பான் என்று ஒரு கணக்கு. ரிங் நின்றதும் அடுத்த அடி. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை "அப்பறமா வாங்க" என்று விரட்டினேன்.

அக்கா பெஞ்சில் உட்காருவாள், எழுந்திருப்பாள், ரோட்டைப் பார்ப்பாள், மறுபடி உட்காருவாள்.

"அது தண்ணி குடிச்சுச்சோ என்னமோ. அருணா, எனக்குப் போனு வேணாம். நம்பரு மட்டும் வந்தாப் போதும்" என்றாள்.

"போனு கெடைச்சா நம்பரும் கெடைக்குமுல்லக்கா. சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

பதினொரு மணிக்குப் போன் டப்பாவைத் தேடி அவள் வீட்டுக்கு ஓடினோம். டப்பாவில் பதினைந்து இலக்க ஐஎம்இஐ நம்பர் இருக்கும். அதை வைத்து ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்கினால், அரசாங்கத்தின் தளத்தில் பதிந்து, அந்தப் போனில் எந்த சிம்மைப் போட்டாலும் வேலை செய்யாதபடி முடக்கலாம். யாராவது சிம் போட்டால் போலீசுக்குத் தகவலும் போகும். நல்ல வழிதான். டப்பாவும் கிடைத்தது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். ரைட்டர் பொறுமையாகத்தான் கேட்டார், ஆனால் முன்னால் நாலு பேர் இருந்தார்கள். அங்கே காத்திருந்தபோதும் நான் விடாமல் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆண்டியப்பன் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோ போட்டிருந்தான். மூன்று அழைப்பு வந்ததாம், மூன்றும் வேறு மாடு.

மூன்று மணிக்கு "சுவிட்ச் ஆஃப்" என்று வந்தது. ஓயாமல் அடித்து அடித்து பேட்டரியைத் தீர்த்தது நானாகத்தான் இருக்கும். ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் அப்படியே நின்றேன். அப்போதுதான் அவள் காலையில் கேட்டது என் காதில் விழுந்தது. நம்பர் மட்டும் போதும்.

நம்பர் மட்டும் வேண்டுமானால் டூப்ளிகேட் சிம் வாங்கினாலே போதுமே! பழைய சிம் செத்துவிடும், அதே நம்பர் புது சிம்மில் வரும், எந்தப் போனில் போட்டாலும் மயிலையைப் பார்த்தவர்கள் கூப்பிடலாம். வாரத்துக்கு இரண்டு பேருக்கு நானே சொல்கிற யோசனை. காலை எட்டரைக்கே ஆதாரோடு கிளம்பியிருந்தால் மத்தியானத்துக்குள் கையில் இருந்திருக்கும்.

புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். சிம் அவள் பேரிலேயே இருந்தது. ஆனால் தேய்ந்த ரேகை மெஷினில் ஏறவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள். விரலைச் சேலையில் துடைத்தாள், ஊதினாள், மறுபடி வைத்தாள். கவுன்டரில் இருந்த பெண் கடைசியில் தைலம் தடவி வைக்கச் சொன்னபோது இடது கட்டைவிரல் எடுத்தது. "ஒரு நாளைக்கு மெசேஜ் வராதுங்க, கால் மட்டும் ராத்திரிக்குள்ள வந்துரும்" என்றாள் அந்தப் பெண். பழைய பட்டன் போன் ஒன்றில் சிம்மைப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா என் வீட்டு வாசலில் நின்றபோது அந்தப் போன் அலறியது. அவள் அதை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பாடி, எடுத்துட்டீங்களா! மாட்டுக்காரங்களா?" ஒரு பெண் குரல். பேர் சந்தனமேரி, திருமயத்துக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரையில் வீடு. "நேத்துக் காலையில ஒம்பது மணிலேர்ந்து அடிக்கிறேன். எப்ப அடிச்சாலும் பிஸி, பிஸி. அப்புடி யாருகிட்டங்க பேசிக்கிட்டே இருந்தீங்க? அப்ப வந்திருந்தா சும்மா மேஞ்சுக்கிட்டு நின்னுச்சு."

ஒன்பது மணிக்கு அந்த நம்பருக்கு அடித்துக்கொண்டிருந்தது நான்.

"இப்ப என்னம்மா ஆச்சு?" என்றாள் அக்கா.

"மத்தியானம் நாயிங்க தொரத்திருச்சு. கம்மாத் தண்ணி வழியுற கலிங்குல, கல்லு சந்துல முன்னங்கால் மாட்டிக்கிச்சு. எங்க வீட்டு ஆளுக எடுத்து விட்டாங்க, கால் வீங்கிப் போச்சு. கிட்டயே விடமாட்டேங்குது. தண்ணி வச்சா முட்டித் தள்ளுது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்கதான் சொந்தக்காரங்கன்னு எப்புடி நம்புறது? நம்பர் உள்ளவங்க போனையே எடுக்கலயே" என்றாள்.

அக்கா போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "ஒங்க போன அது பக்கமா நீட்டுறியளா? கிட்டப் போவ வேணாம். சத்தமா வைங்க, போதும்."

செருப்புச் சத்தம் கேட்டது. சருகு மிதிபடும் சத்தம். மூச்சு.

"மயில. டேய் மயில. ஆத்தாடா. கோவமாடா? வாரேன்டா, இந்தா வந்துட்டேன். அந்தம்மா குடுக்குற தண்ணியக் குடி. குடிடா சாமி."

தெருவில் நின்றுகொண்டு அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு சந்தனமேரியின் குரல், மெதுவாக, வேறு மாதிரி வந்தது. "காது ரெண்டும் நிமிந்திருச்சுங்க. போனையே பாக்குது... தண்ணியில வாய வச்சிருச்சு. அழுவாதீங்க, குடிக்குது."

ஆண்டியப்பன் குட்டியானை மினி லாரியோடு வந்தான். ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இருந்தோம். அக்காவைக் கண்டதும் மயிலை நொண்டிக்கொண்டே நாலு அடி வந்து, தலையை அவள் வயிற்றில் வைத்து நின்றது. சந்தனமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். எலும்பு விலகியிருக்கிறது, கட்டுப் போட்டால் நடக்கும், ஆனால் வாடியில் இனி இறங்க முடியாது என்றார். அக்கா கட்டுப் போடக் காலைப் பிடித்துக்கொடுத்தாள்.

திரும்பும்போது அவள் மாட்டோடு வண்டியின் பின்னால் நின்றுகொண்டாள். நானும் ஏறிக்கொண்டேன். நீல எண்கள் கல்லிலும் முள்ளிலும் உரசிப் பாதி அழிந்திருந்தன. சொல்லாமல் வீடு போய்ச் சேர என்னால் முடியாது.

"அக்கா. நேத்து அந்த நம்பரப் பிஸியாக்கி வச்சது நாந்தான்."

அவள் மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அருணா. பக்கத்துலதானே ஒக்காந்திருந்தேன்."

புதுக்கோட்டை தாண்டும்வரை அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.