சிம் மாற்ற ஆயக்குடி வரை

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அய்யலூரில் பஸ் ஏறினேன். திண்டுக்கல்லுக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். காசில்லாத டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் வெயில் ஏறிவிடும். மஞ்சள் பையில் ஆதார் அட்டை, போட்டோ இரண்டு, தண்ணீர் பாட்டில், போன். போனில் இருக்கிற பழைய சிம்மைக் கொடுத்து 4ஜி சிம் வாங்க வேண்டும். கிளம்பிய காரியம் அவ்வளவுதான்.

வியாழன் எங்கள் ஊரில் ஆட்டுச் சந்தை. ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடுகள் வந்ததால் பஸ் கால் மணி நேரம் நகரவில்லை. ஜன்னலுக்கு நேரே இரண்டு பேர் துண்டுக்கடியில் கையை விட்டு, விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்கவே இல்லை. பேரம் படிந்து ஒருவர் கிடாயை இழுத்துக்கொண்டு போனார். அதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

சந்தைக்குப் பின்னால் டவரில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரமாகப் பழைய பெட்டிகளை இறக்கிப் புதுசு மாட்டுகிறார்கள். தெருவில் எல்லார் போனிலும் படம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. என் போனில் ஓடாது, சிம் பழசு. மாதக் கடைசிக்குள் மாற்றாவிட்டால் எண்ணே வேலை செய்யாது என்று தமிழில் மெசேஜ் வந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தேன். மாதக் கடைசி சனிக்கிழமை. மகன் வெங்காயம் ஏற்ற லாரியோடு நாசிக் போயிருக்கிறான். "பத்து நாள்ல வாரேம்மா, வந்து பாத்துக்கிறலாம்" என்றான். சனிக்கிழமை பத்து நாள் பொறுக்காதே.

அவசரம் என் தங்கச்சி பாக்கியத்துக்காக. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. சின்ன வயதில் அவளும் நானும் அம்மாவும் சேர்ந்து கையால் ஒரு பேச்சு உண்டாக்கிக்கொண்டோம். கன்னத்தில் மஞ்சள் தேய்த்தால் அம்மா. இடுப்பில் சாவி குலுக்கினால் வீட்டை ஆளுகிறவள். அப்படியே ஆயிரம் இருக்கும். ஆயக்குடியில் கட்டிக்கொடுத்தபின் அவள் வீட்டுக்காரரும் பாதி கற்றுக்கொண்டார். அம்மா போய்விட்டாள். போன தையில் அவரும் போய்விட்டார். அவள் மகனுக்கும் மருமகளுக்கும் சோறு, தண்ணி அளவுக்குத்தான் வரும். இப்போது அந்தப் பேச்சு முழுசாகத் தெரிந்தவர்கள் நானும் அவளும்தான். வருசத்துக்கு இரண்டு தடவை நான் போகிறபோது பேசுவாள். தீபாவளிக்குப் போனபோது, 'பேசாமல் கிடந்து கை மரத்துப் போகுது' என்று காட்டினாள்.

போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்று மகன் ஆளுக்கொரு பழைய போன் கொடுத்தான். படம் வரும், உடனே நின்றுபோகும். அவள் கை ஆகாயத்தில் பாதியில் நிற்கும். என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாது. அவளுக்கும் நான் அப்படித்தான். கடைசியில் போனைத் தலையணைக்கடியில் போட்டுவிட்டாள்.

எட்டே காலுக்குத் திண்டுக்கல். பஸ் ஸ்டாண்டில் டீ பன்னிரண்டு ரூபாய். சிம் மாற்றுகிற கடை அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர். பத்து மணிக்குத்தான் திறப்பார்கள் என்று தெரியாது. படியில் உட்கார்ந்திருந்தேன். இதற்கு முன்னால் எந்தக் கடையிலும் நானாகக் கேட்டு ஒன்றும் வாங்கியதில்லை. மகன் கேட்பான், நான் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். அதனால் வேண்டியதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

கடைக்குள் ஏசி குளிர். கவுண்டரில் ஒரு இளம்பெண். தாளை நீட்டினேன். படித்துச் சிரித்தாள்.

"மாத்திரலாம்மா. நம்பர் சொல்லுங்க." சொன்னேன். திரையைப் பார்த்தாள். "உங்க பேரு பாக்கியமா?"

"இல்ல தாயி. அது என் தங்கச்சி."

"இந்த நம்பரு அவங்க பேர்லதான் இருக்கு."

எப்படி என்று யோசித்தேன். பல வருசத்துக்கு முன்னால் பாக்கியம் ஊருக்கு வந்திருந்தபோது, சந்தையில் ஒருவர் குடை நட்டுவைத்து சிம் கொடுத்தார். இரண்டு பேரும் ஒன்றாகவே அட்டை நகலையும் போட்டோவையும் கொடுத்தோம். எங்கள் முகம் ஒரே அச்சு. அவர் மாற்றி ஒட்டிவிட்டார் போல. பாக்கியத்தின் எண்ணையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தட்டிப் பார்த்தாள். அது என் பேரில் இருந்தது.

"அவங்க விரல் வச்சாத்தான் உங்க நம்பர மாத்த முடியும்மா. அவங்க நம்பருக்கு நீங்க வைக்கணும். இம்புட்டுத் தொல்லை எதுக்கு? உங்களுக்குப் புது நம்பர் தாரேன், பத்து நிமிசம்."

"எனக்குப் புதுசு கிடைச்சிரும். அவ நம்பருக்கு என் விரலுதான வேணும்?"

"ஆமா, ஆனா பழைய சிம்மும் வேணும், அது அவங்க போன்ல இருக்கு. அதுக்கு நீங்கதான் போகணும். இல்ல அவங்க வரணும்."

வெளியே வந்து படியில் நின்று பாக்கியத்தின் மருமகளுக்குப் போன் போட்டேன். சிம் மாற்ற அவளை 'நாளைக்குக் கூட்டிப்போறேனுங்க' என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"இன்னைக்குங்களா பெரியம்மா? கொய்யா எடுப்பு நடக்குதுங்க. அடுத்த வாரம் வாங்க. பேச வராதவங்களுக்கு ஃபோர்ஜி என்னத்துக்குங்க, வெளிச்சம் அடிக்கவா?"

"நான் பஸ் ஏறிட்டேன்" என்றேன். ஏறவில்லை. சொன்னபிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பழனி பஸ் பத்து ஐம்பதுக்கு எடுத்தது. ஆயக்குடிக்கு டிக்கெட் நாற்பத்தெட்டு. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ரெட்டியார்சத்திரம் தாண்டினால் இரண்டு பக்கமும் முருங்கைத் தோட்டம். ஒட்டன்சத்திரத்தில் பத்து நிமிசம் நின்றது. தக்காளிப் பெட்டி ஏற்றிய வண்டிகள் வரிசையாக நின்றன. அங்கிருந்து பேச்சு மாறிவிடும். "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றபடி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். பாக்கியத்திடம் சிம் என்பதைக் கையால் எப்படிச் சொல்வது என்பதே மனசில் ஓடியது. எங்கள் பேச்சில் அதற்கு வழி இல்லை.

பன்னிரண்டரைக்கு ஆயக்குடி. ரோட்டோரம் முழுக்கக் கொய்யாக் கூடைகள். தோட்டத்தில் பாக்கியம் காய்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த காயைப் பெட்டிக்கு வெளியே போட்டாள். யார் செத்தது என்று கேட்டாள். சொல்லாமல் வந்தால் அதுதானே.

யாரும் சாகவில்லை என்று காட்டினேன். டவருக்குக் கையை உயரத் தூக்கினேன். சிம்முக்குச் சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, அதைப் பிடுங்கி வேறு நகம் வைத்தேன். நின்றுபோன கையைக் காட்டி, அதை ஓட விட்டேன். புரிந்துகொண்டாள். கட்டைவிரலை ஊன்றிக் காட்டியதும் முகம் கறுத்துவிட்டது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

கைநாட்டு என்றால் அவளுக்கு ஒன்றுதான். பத்திரம். எவன் வந்து கேட்டாலும் கட்டைவிரலை நீட்டாதே, தோட்டம் போய்விடும் என்று அவள் வீட்டுக்காரர் சாகும் முன்னால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. 'நீயுமா?' என்று கேட்டாள். அது எனக்குச் சுருக்கென்று பட்டது. மணி ஒன்றேகால். மருமகள் வரப்பில் நின்று, "நாந்தான் சொன்னேனுங்களே" என்றாள்.

கோபித்துக்கொண்டு திரும்பியிருப்பேன். அடுத்து எப்போது வருவேன், அதுவரைக்கும் இவள் யாரிடம் பேசுவாள் என்று நினைத்ததும் கால் எழவில்லை. 'நீ விரல் வைக்க வேண்டாம். கூட மட்டும் வா. நான் வைக்கிறதைப் பார்' என்றேன். அதற்கு வந்தாள்.

சிம் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு கதவு அளவு. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். விவரத்தைச் சொல்ல வாய் திறந்தேன், குரல் வந்தது.

"அது பாதகமில்லீங்க, ரெண்டு பேரும் இருக்கீங்கல்லங்க" என்று விரல் வைக்கிற சின்ன மிசினை எடுத்துவைத்தார். பாக்கியம் எண்ணுக்கு நான் முதலில் கட்டைவிரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பாக்கியம் என் விரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மை இல்லை. மிசினைப் புரட்டிப் பார்த்தாள். தாள் இல்லை. கடைக்காரர் அவளைப் பார்க்க விட்டார். தாளே இல்லாமல் எவன் தோட்டத்தை எழுதி வாங்க முடியும்? கட்டைவிரலைச் சேலையில் துடைத்து வைத்தாள்.

சிவப்பு. மறுபடி சிவப்பு. கொய்யாக் கறை. கடைக்காரர் சோப்புக் கொடுத்துக் கழுவச் சொன்னார். மூன்றாவது தடவை பச்சை.

"இன்னி போட்டோங்க. கேமராவப் பாத்துக் கண்ணச் சிமிட்டச் சொல்லுங்க, உசுரோட இருக்கற ஆளுன்னு அது தெரிஞ்சுக்கோணும்."

கடை வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எனக்குக் கை கூசியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'ஊமை வீட்டுக்காரி' என்று எங்கள் கையசைப்பைச் செய்துகாட்டிக் கேலி பண்ணுவார்கள். அன்றைக்குத் தொடங்கி, வெளியில் என்றால் முந்தானைக்குள் கையை வைத்துத்தான் அவளோடு பேசுவேன். இப்போதும் அப்படியே சொன்னேன். பாக்கியம் என் முந்தானையை விலக்கிவிட்டு, 'எனக்குத் தெரியலை, மேலே தூக்கு' என்றாள். கொஞ்சம் தூக்கினேன். இரண்டு கண்ணையும் சிமிட்டச் சொன்னதற்கு அவள் ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினாள், சினிமாக்காரன் மாதிரி. கடைக்காரர் சிரித்து, தானும் ஒன்று சிமிட்டினார். நாலு தடவை எடுத்தபிறகு படம் ஏறியது.

ஒரு சிம் ஐம்பது ரூபாய். "பழசு இப்பவே நின்னுரும்ங்க. புதுசு உசுராக ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றார்.

பாக்கியம் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் போட்டாள். சாப்பிடும்போது பேச முடியாது, கை எச்சில். மூன்றரை வரைக்கும் போனில் சிக்னல் கோடு வரவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, 'வராவிட்டால்?' என்று கேட்டாள்.

'ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவேன். அதற்கும் வராவிட்டால் அடுத்த ஞாயிறு' என்றேன்.

நாலே காலுக்கு ஒட்டன்சத்திரம். பஸ் நிறைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பெண், மடியில் அவரைக்காய்ப் பை. நான் போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும், கோடு ஒன்று வந்தது. பிறகு நாலும் வந்தது. உடனே அதிர்ந்தது.

பாக்கியம். போனைக் கொய்யாக் கிளையில் சொருகிவைத்திருந்தாள், பேச இரண்டு கையும் வேண்டுமே. கைகளைத் தூக்கினாள். படம் நிற்கவில்லை. தூக்கிய கை இறங்கியது, அடுத்தது எழுந்தது, அதற்கடுத்தது. ஒரு சொல்லும் உடையாமல் வந்தது. எனக்கு ஒரு கை போனில் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் கையால் பேசினால் எங்கள் பேச்சில் பாதி விழுந்துவிடும். பதில் வராததைப் பார்த்து அவள் முகம் சுண்டியது. நின்றுபோனது என்று நினைத்துக் கிளைப்பக்கம் கையை நீட்டினாள்.

"செத்த நேரம் இதைப் பிடிச்சுக்கிறியா தாயி?" என்று பக்கத்துப் பெண்ணிடம் நீட்டிவிட்டேன்.

அவள் என் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள். முந்தானையைத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பார்க்கட்டும்.

"என்னக்கா சொல்றாங்க?" என்றாள் போன் பிடித்தவள்.

"மருமகளத் திட்டுறா."

"அது எந்தப் பேச்சா இருந்தாலும் முதல்ல வந்துருமே" என்றார் கண்டக்டர்.

மருமகளை முடித்து, வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு நடந்ததற்குப் போனாள். எழவு வீட்டுக் கூட்டத்திலும் தீபாவளிச் சந்தடியிலும் என்னிடம் சொல்ல முடியாததெல்லாம் இப்போது வந்தது. கடைசியாக அவர் என்ன காட்டினார், இவள் என்ன பதில் காட்டினாள், அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாரா என்பது தெரியவில்லை என்று. 'பார்த்திருப்பார்' என்றேன். நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததை அவள் முகத்தில் அப்போதே கண்டேன்.

ரெட்டியார்சத்திரத்தில் பக்கத்துப் பெண் இறங்க வேண்டும். நான் சொல்லும் முன்பே முன்சீட்டுக்காரர் கையை நீட்டிப் போனை வாங்கிச் சீட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டார். போன் கை மாறியபோது படத்தில் தெரிந்த அவர் யார் என்று பாக்கியம் கேட்டுவிட்டுத் தொடர்ந்தாள். ஒரு வருசத்துப் பேச்சு. எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. மூட்டு வலி, பேரன், போன மழைக்கு ஒழுகிய கூரை. என் முறை வருவதற்குள் திண்டுக்கல் வந்துவிட்டது.