இடப்பக்கத் தொட்டி

டெல்மர் ப்ரூயிட்டுக்குச் சொந்தமாகப் படகு இருந்ததே இல்லை. சிப்ளி ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த ஓர் ஆணுக்கு இது வெளியே சொல்லிக்கொள்ளும்படியான விஷயம் அல்ல. அலபாமாவின் அந்த மூலையில் கூரை ஒழுகுகிற வீட்டின் முற்றத்தில்கூட டிரெய்லர் மேல் ஒரு படகு நிற்கும். டெல்மரின் முற்றத்தில் அவர் மனைவி ஓப்பலின் தக்காளித் தொட்டிகள்தான் நின்றன.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு கோழி ஆலையில் சேர்ந்தவர். சங்கிலியில் தலைகீழாகத் தொங்கி வருகிற கோழிகளை வாழ்நாள் முழுக்க வெட்டித் தள்ளினார். இயந்திரங்களின் இரைச்சல் அவருடைய இடது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தது. வலது காது பாதி மிச்சம். ஆலையில் ஒருவரோடு ஒருவர் பேச முடியாது என்பதால் பேசாமல் இருப்பது பழக்கமாகி, பிறகு அதுவே குணமாகிவிட்டது. சனிக்கிழமைகளில் ஏரிக்குப் போவார். மச்சினன், ஓப்பலின் தம்பி ராய்ஸின் படகில், பின் இருக்கையில்.

பின் இருக்கை என்றால் சிப்ளியில் எல்லோருக்கும் தெரியும். முன்னால் நிற்கிறவன் சின்ன மோட்டாரைக் காலால் மிதித்துப் படகைத் தன் இஷ்டப்படி நகர்த்துவான். படகுத்துறையோ, மூழ்கிக் கிடக்கிற மரமோ, அல்லி இலைக் கூட்டமோ, எது வந்தாலும் முதல் வீச்சு அவனுடையது. பின்னால் இருப்பவன் அவன் கலக்கி முடித்த இடத்தில் தூண்டில் போட வேண்டும். அதற்கு எச்சில் தண்ணி என்று பெயர். ராய்ஸ் அந்த எச்சிலையும் முழுசாக வைக்க மாட்டான். நல்ல இடம் வந்தால் படகின் பின்பகுதி ஏரியின் நடுப்பக்கம் போகும்படி திருப்பி நிறுத்துவான். டெல்மருக்கு எட்டுகிற தூரத்தில் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

"என்ன மாப்ளே, அங்க திமிங்கலம் கிடைக்கும், போடு போடு," என்பான்.

டெல்மர் போடுவார். இத்தனை வருஷ எச்சில் தண்ணீரில் அவர் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. காற்றே இல்லாத, ஏரி கண்ணாடி போலக் கிடக்கிற வெயில் நாட்களில் பெருவாய் பாஸ் மீன் எங்கே போகும், என்ன செய்யும் என்பது. அந்த மாதிரி நாட்களில் மற்றவர்கள் அலுத்துப்போய்க் கரையேறிவிடுவார்கள். மீன் நிழலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பசி இருக்காது, சந்தேகம் மட்டும் இருக்கும். படகின் நிழல் பட்டாலும் பெட்டி மூடியை டப்பென்று சாத்தினாலும் போய்விடும். தங்கூசி என்கிற மெல்லிய நைலான் தூண்டில் நூல், ஈயக்குண்டே இல்லாமல் நடுவயிற்றில் முள் குத்திய ஒரு ரப்பர் புழு, நீளமான வீச்சு. அதற்குப் பிறகு ஒன்றும் செய்யக்கூடாது. புழு இரண்டு நுனியும் மெல்ல நடுங்க, தானாகவே கீழே இறங்க வேண்டும். வளையம் வளையமாகப் பரவுகிற அலை அடங்கி, அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். சும்மா இருப்பது டெல்மருக்கு நன்றாக வந்தது.

ராய்ஸுக்கு அது வராது. விடியற்காலையில் மரக்குஞ்சை, இரண்டு விசிறி வைத்த பொய் மீனை, தண்ணீர் மேல் சலசலவென்று இழுப்பான். அந்த நேரத்துக்கு அது சரிதான், மீனும் ஏறும். வெயில் ஏறின பிறகும் அதையே இழுத்துக்கொண்டிருப்பான்.

"உன் புழு தூங்குதா, செத்துப்போச்சா?"

"தூங்குது."

"எழுப்பிவிடேன்டா!"

எழுப்பாமலே டெல்மர் பின்னால் இருந்து ஒரு மீனைத் தூக்குவார். ராய்ஸ் சிரிப்பான். ஆனால் அடுத்த முறை அதே இடம் வரும்போது படகின் முன்பகுதி அங்கே போய் நிற்கும், பின்பகுதி நடுத்தண்ணீருக்குத் திரும்பியிருக்கும்.

ஒவ்வொரு ஜூலையிலும் ஏரியில் ஒரு போட்டி நடக்கும். முன்னால் நிற்பவர்களுக்குத் தனி எடை, பின் இருக்கைக்காரர்களுக்குத் தனி எடை. பின் இருக்கைக்கு வழக்கமாக ஒரு தொப்பியோ ஐஸ் பெட்டியோ தருவார்கள். அந்த வருஷம் ஊரில் புதிதாகத் திறந்த படகுக் கடை ஓர் அலுமினியப் படகைத் தருவதாக அறிவித்தது. சின்னதுதான். ஆனால் அதற்கு முன்பகுதி என்று ஒன்று இருந்தது.

டெல்மர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு மாலை அவர் முற்றத்தில் காலடி வைத்து அளப்பதை ஓப்பல் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டாள்.

"என் தக்காளிய எங்க வைக்கப்போற டெல்?"

"சும்மா பாத்தேன்."

"நல்லா சும்மா பாத்த."

போட்டிக்கு முந்தின நாள் அவளே தொட்டிகளை எல்லாம் வேலியோரமாக இழுத்து வைத்து, அந்த இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்திருந்தாள்.

போட்டியன்று காற்றில்லை. விடிந்ததுமே சட்டை முதுகில் ஒட்டியது. ராய்ஸ் மரக்குஞ்சை இழுத்து, வெயில் ஏறுவதற்குள் நடுத்தர மீன்கள் சிலவற்றைப் பிடித்து, படகின் வலப்பக்க மீன்தொட்டியில் போட்டான். இடப்பக்கத் தொட்டி டெல்மருடையது. அது காலியாகக் கிடந்தது. இரண்டு தொட்டிக்கும் தனித்தனிப் பம்பு உண்டு. ஏரித் தண்ணீரைச் சுழற்றி மீனுக்கு மூச்சு கொடுப்பது அதுதான். இரண்டுக்கும் சுவிட்சு ராய்ஸின் ஸ்டியரிங் பக்கத்தில். செத்த மீனுக்கு எடை கிடையாது என்பது போட்டி விதி. ஜூலை வெயிலில் தண்ணீர் சூடாகிப் பம்பும் நின்றுபோனால் பெரிய மீன்தான் முதலில் போகும்.

ஏரி அசைவற்றுப் போனதும் டெல்மரின் நேரம் வந்தது. பழைய படகுத்துறை ஒன்றின் நிழலை ராய்ஸ் இரைச்சலோடு கடந்து போனான். படகின் பின்பகுதி விலகிப் போவதற்குள் டெல்மர் பலகைகளுக்கு அடியில், இருட்டுக்குள், புழுவை அனுப்பினார். விழுந்த சத்தம்கூட இல்லை. அலை அடங்கியது. காத்திருந்தார். தங்கூசி நின்ற இடத்திலிருந்து மெல்லப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கியது.

கைவலையோடு வந்த ராய்ஸ் மீனைப் பார்த்ததும் ஒரு நொடி வலையை இறக்காமல் நின்றான். பிறகு அள்ளித் தூக்கினான்.

"யம்மாடி! இதுக்கு வாயா, வாளியா?"

டெல்மர் அதன் தாடையைப் பிடித்துத் தொட்டிக்குள் விட்டார். பல வருஷத்தில் அந்த ஏரியில் அவ்வளவு பெரியதை அவர் பார்த்ததில்லை.

"அப்ப படகு உனக்குத்தான்," என்றான் ராய்ஸ். "இனிமே டிரெய்லரப் பின்னால எடுக்குறப்ப கைகாட்ட எனக்கு யாருடா இருக்கா? உன் சொந்தப் படகுல நீ ராஜா மாதிரி போவ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டெல்மரும் சிரித்தார்.

கொஞ்ச தூரம் தள்ளி ஏரிக்குள் சாய்ந்த ஒரு வில்லோ மரம். அதன் அடியில் தண்ணீர் எண்ணெய் போல நின்றது. டெல்மரின் காதுக்குக் கேட்காவிட்டாலும் பம்புகளின் ரீங்காரம் உள்ளங்காலில் தெரிந்தது. அவருக்குத் தெரிகிறது என்றால் மீனுக்கும் தெரியும்.

"ராய்ஸ், பம்ப கொஞ்ச நேரம் நிறுத்து."

"உன் மீனு மூச்சு முட்டும்டா."

"ஒரே ஒரு வீச்சு. அப்புறம் போட்ரு."

ராய்ஸ் இரண்டு சுவிட்சையும் கீழே தட்டினான். படகு ஊமையானது. டெல்மர் வீசினார், காத்திருந்தார், இன்னொரு மீனைத் தூக்கினார். முன்னதைப் போல இல்லை, இருந்தாலும் நல்ல மீன். தொட்டியில் விட்டு மூடியைச் சாத்தினார்.

"போட்டுட்டியா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

உள்ளங்காலில் ரீங்காரம் வந்தது. அதற்குப் பிறகு அவர் மூடியைத் திறக்கவில்லை. திறந்தால் வெயில் உள்ளே போகும், மீன் மிரண்டு மோதிக்கொள்ளும். தெரிந்தவன் திறக்க மாட்டான். மதியம் முழுக்க அந்த மூடியின் மேல் ஒரு கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

இறங்குதுறையில் ராய்ஸ் முதலில் தன் தொட்டியைத் திறந்தான். மீன்கள் துள்ளித் தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது. டெல்மர் தன் மூடியைத் தூக்கினார். வெதுவெதுப்பான ஆவி எழுந்து வந்தது. தண்ணீர் அசையவில்லை. பெரிய மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. சின்னது பக்கவாட்டில் சாய்ந்து, செவுளை எப்போதாவது ஒரு முறை விரித்தது.

டெல்மர் ஸ்டியரிங் பக்கம் பார்த்தார். ஒரு சுவிட்சு மேலே, அதன் பக்கத்தில் சிவப்பு விளக்கு. இடப்பக்கத் தொட்டியின் சுவிட்சு கீழே. மதியம் முழுக்க அவர் காலில் உணர்ந்தது ஒரே ஒரு பம்பு.

ராய்ஸும் பார்த்தான். "அட, இது எப்படி கீழ போச்சு? என் முழங்கை கிழங்கை பட்டிருக்கும்."

 டெல்மர் பையில் மீன்களை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். தராசருகே ஹாய்ட் கிழவர் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷமாக அந்தப் போட்டிக்கு எடை போடுகிறவர். பெரிய மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார், வாலை வருடினார், தண்ணீர்த் தொட்டியில் விட்டு முன்னும் பின்னும் நகர்த்தினார். சுற்றிலும் கூட்டம் நெருங்கி வந்தது.

"போயிருச்சேப்பா டெல்," என்றார். "நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"ஒண்ணும் பண்ண வேணாம்."

"சும்மா எடை போட்டுத்தான் பாருங்களேன்," பின்னால் இருந்து ராய்ஸின் குரல் வந்தது. "பாவம், தெரிஞ்சுக்கட்டும்."

ஹாய்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் வேறு சிலரும் கேட்டார்கள். போட்டார். தராசின் எண்ணைப் பார்த்து யாரோ விசிலடித்து, பாதியில் நிறுத்தினார்கள். அந்த மீன் ஒன்று போதும், பின் இருக்கையில் அன்று வேறு யாரும் கிட்ட வந்திருக்க முடியாது. இப்போது எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. அலுமினியப் படகு ஒரு பல் டாக்டரின் மருமகனுக்குப் போனது. அவன் வீட்டு முற்றத்தில் ஏற்கெனவே ஒன்று நின்றது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ராய்ஸ் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினான். போட்டி வருஷா வருஷம் வருகிறது என்றான். வெயில் அப்படி என்றான். கொஞ்ச தூரம் போனதும், "நீதானடா நிறுத்தச் சொன்ன," என்றான்.

அது டெல்மரின் பாதிக் காதிலும் விழுந்தது. ராய்ஸின் வண்டியில் அவருடைய கேட்காத இடது காதுதான் அவன் பக்கம் இருக்கும். இத்தனை வருஷமும் அவன் பேசும்போதெல்லாம் முகத்தைத் திருப்பி, வலது காதைக் கொடுத்துக் கேட்பார். அன்று திருப்பவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கூட்டி வைத்த வெற்றிடத்தின் ஓரத்தில் ஓப்பல் நின்றிருந்தாள். பையையும் அவர் முகத்தையும் பார்த்தாள்.

"செத்துப்போச்சு," என்றார். "பம்பு ஓடல."

"ராய்ஸா?"

"முழங்கை பட்டுச்சாம்."

ஓப்பல் வேலியோரத் தொட்டிகள் பக்கம் திரும்பினாள். "அவன் முழங்கை சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்," என்றாள். "எனக்கு அப்பா வாங்கித் தந்த சைக்கிள் மேலயும் பட்டிருக்கு."

பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் ஞாயிறு. சர்ச் முடிந்து ராய்ஸ் வழக்கம்போலச் சாப்பிட வந்தான். ஓப்பல் அந்த மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து, முழுத்தட்டையும் அவன் முன்னால் வைத்தாள்.

"எல்லாம் உனக்குத்தான். உன் முழங்கை பிடிச்ச மீன்தான, சாப்பிடு."

ராய்ஸ் ஒரு தடவை அக்காவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சாப்பிட்டான். எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைத்துவிட்டு, கொஞ்சம் உப்பு கூடுதல் என்றான். டெல்மர் பீன்ஸும் ரொட்டியும் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை விடியலில் வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. டெல்மர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"போகாத," என்றாள் ஓப்பல்.

"வேற யார் படகுல போறது?"



ஏரி அன்றும் கண்ணாடிதான். துறையை விட்டு வந்து ராய்ஸ் என்ஜினை அணைத்து முன்னால் போனதும் டெல்மர் எழுந்தார். ஸ்டியரிங் அருகே போய் இடப்பக்கச் சுவிட்சை மேலே தட்டிவிட்டு, தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். உள்ளங்காலில் ரீங்காரம் ஏறியது.

ராய்ஸ் திரும்பிப் பார்த்தான். "தொட்டில ஒண்ணுமே இல்லையேடா."

"ஓடட்டும்."

"இந்த அமைதில மீனு பூரா போயிரும். நீதான சொல்லுவ?"

"போகட்டும்."

ராய்ஸ் சுவிட்சை நோக்கி இரண்டு அடி வந்தான். டெல்மர் அவனைப் பார்த்தபடியே இருந்தார். அந்த முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தங்கூசி நகர்வதற்காகக் காத்திருக்கும்போது இருக்கிற அதே முகம். ராய்ஸ் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு முன்பகுதிக்கே திரும்பிப் போனான்.

வெயில் ஏறியது. பழைய படகுத்துறை வந்தது, வில்லோ மரம் வந்தது. ராய்ஸ் வீசிக்கொண்டே இருந்தான், ஒன்றும் கடிக்கவில்லை. டெல்மரின் தூண்டில் கோல் உறையிலிருந்து வெளியே வரவில்லை. நாள் முழுக்கக் காலித் தொட்டியில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. முன்னால் இருந்து ராய்ஸ் அவ்வப்போது ஏதோ சொன்னான். டெல்மர் இடது காதை அவன் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தார்.